சந்தேகப் பொத்தான்

நாச்சிமுத்து முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். காங்கேயம் – பழனி தடத்தில் எந்த வளைவில் எருமை குறுக்கே வரும், எந்த ஸ்டாப்பில் யார் கை காட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் எழுபது வயதில் ஒரு மனிதன் ஒன்றுக்குப் போக எத்தனை தடவை எழுந்திருக்கலாம் என்பது மட்டும் தெரியாது. யாரைக் கேட்பார்? பெண்டாட்டி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் சக்திவேல் ஓசூரில் வேலை பார்க்கிறான், வாரம் ஒருமுறை வந்து போவான். வீட்டில் இருப்பது மருமகள். மருமகளிடம் கேட்கிற விஷயமா இது? செத்தாலும் கேட்க மாட்டார். வில்லங்கமே அங்கேதான் ஆரம்பித்தது.

மருமகள் யுவராணிக்கோ எல்லாம் தெரியும். மாமனார் தன் வேட்டியைத் தானே அலசிக் கொல்லைப்புறம் காயப்போட ஆரம்பித்த வாரமே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? புருஷனிடம் போனில் சொன்னாள்.

"நீயே சித்தக் கேட்டுப் பாரு யுவா."

"நல்லாருக்குதுங்க உங்க பேச்சு! நான் எப்படீங்க கேக்கறது? அவுரு மொகத்துல முழிக்க வேண்டாமா?"

"நான் கேட்டா மட்டும் சொல்லீருவாராக்கும்?"

இப்படியே ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிட்டு எட்டு மாதத்தை ஓட்டினார்கள். படித்த பிள்ளைகள்தான் இரண்டு பேரும்.

தை மாதம் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அவர் வரிசையில் சாப்பிட்டு முடித்து எல்லாரும் எழுந்துவிட்டார்கள், நாச்சிமுத்து மட்டும் இலையை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தார். அடுத்த பந்திக்கு ஆட்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். சட்டென்று தண்ணீர் டம்ளரை எடுத்துத் தன் மடியில் தானே கவிழ்த்துக்கொண்டு, "அடடா, கை தவறிப்போச்சு பாரு" என்று சிரித்தபடி எழுந்தார். எதிர்வரிசையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த யுவராணி அதைப் பார்த்துவிட்டாள். கை தவறவில்லை. அந்தப் பந்தலில் அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். மறுநாளே நிதானியில் நேரம் வாங்கிவிட்டாள். வயசானவர்கள் எல்லாரும் பார்த்துக்கொள்கிற டெஸ்ட்தான் என்று மாமனாரிடம் சொல்ல, "வண்டி ஓட்டுன சூடு, வேறொண்ணுமில்ல" என்றபடியே அவரும் கிளம்பினார்.

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றில், ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்கிற இந்த நிதானி மெஷினைத் தெரியாத ஆம்பளை கிடையாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிற ஆம்பளையும் கிடையாது. தாராபுரம் ரோட்டில் இருந்த அந்த ஸ்கேன் சென்டரில், ஐம்பது தாண்டிய ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சுவரிலும் கூரையிலும் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"ஊசி கீசி உண்டுங்களா அம்மிணி?" என்று ஒரு பெரியவர் ரிசப்ஷன் பெண்ணிடம் குனிந்து கேட்டார்.

அந்தப் பெண் மனப்பாடமாக ஒப்பித்தாள். "அதெல்லாம் அந்தக் காலமுங்கய்யா. இப்ப எம்.ஆர்.ஐ படம் எடுத்ததும் நிதானியே பாத்துச் சொல்லீரும். புராஸ்டேட் சுரப்பி வயசுக்கு வெறுமனே வீங்கியிருக்குதா, இல்லை உள்ளார கேன்சரான்னு ஒரே வார்த்தைதானுங்க. வீக்கம்னா பச்சைச் சீட்டு, மாத்திரையோட வீட்டுக்குப் போயிரலாம். கேன்சர்னா செவப்புச் சீட்டு. அவங்களுக்கு மட்டும்தான் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பாக்கறது."

"மெஷின் தப்பாச் சொல்லாதுங்களா?"

"பத்து வருஷமா நாடு பூரா இதுதானுங்களே!"

பாரத்தை யுவராணி பூர்த்தி செய்தாள். அவசரமாக வருகிறதா? அடக்க முடியாமல் போவது உண்டா? ஒவ்வொரு கேள்வியையும் அவள் முணுமுணுப்பாகப் படிக்க, நாச்சிமுத்து மடியில் இருந்த துண்டை நீவிக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. இல்லைன்னே போடு" என்றார். அவளும் "இல்லை" என்றே போட்டாள். ஏழு கேள்வி, ஏழு இல்லை. பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரியும் என்பதும் தெரியும்.

உள்ளே போனவர் இருபது நிமிடத்தில் வெளியே வந்தார். கையில் பச்சைச் சீட்டு.

"வெறும் வீக்கமாமா அம்மிணி! நான்தான் சொன்னனல்ல, வண்டி ஓட்டுன சூடுன்னு." முகத்தில் அப்படியொரு வெளிச்சம். மெஷினில் காப்பி பிடித்து வந்து குடித்தார், பக்கத்து நாற்காலிக்காரரிடம் முதல் தடவையாக வாய் திறந்து எந்த ஊர் என்று விசாரித்தார். பார்க்கவே ஆசையாக இருந்தது.

படத்தை அவள் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். அது சட்டம். யாரும் திறந்து பார்ப்பதில்லை, பார்த்தாலும் மழைமேகம் மாதிரி ஏதோ தெரியும், அவ்வளவுதான். யுவராணி திறந்தாள். திறக்காமல் இருந்திருக்கலாம் என்று அடுத்த நொடியே தோன்றியது.

வீக்கம் இருந்தது, உண்மைதான். சுரப்பியின் நடுவில் உருண்டை உருண்டையாக, சீத்தாப்பழச் சுளைபோல ஒவ்வொன்றும் தனக்கென்று கரை கட்டிக்கொண்டு இருந்தது. அது சாதுவான வீக்கம். ஆனால் அந்த உருண்டைகளுக்கு முன்பக்கம் கரையே இல்லாமல் ஒரு கருமை. சிலேட்டில் எழுதியதை உள்ளங்கையால் அழித்தால் ஒரு தீற்றல் நிற்குமே, அப்படி. அந்தத் தீற்றலை அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் மாமனார் இரண்டாவது காப்பிக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்பு, யுவராணி ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். பழைய தறிக் கொட்டகை ஒன்றுக்கு ஏ.சி. போட்டு, இருபத்துநாலு பெண்களை வரிசையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். மெஷினுக்குப் பாடம் சொல்லித்தருகிற வேலை. பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து படம் வரும். கேன்சர், வீக்கம், சந்தேகம் என்று மூன்று பொத்தான். இரண்டு வாரம் வீடியோ போட்டுப் பழக்கினார்கள், அதற்குப் பிறகு ஆளுக்கு நாளொன்றுக்கு எண்பது படம். பெயர் கிடையாது, எண்தான். யுவராணி பதினேழு.

என்ன படம் என்று எவளும் வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கல்யாணம் ஆகாத பெண்கள், நாள் முழுக்க ஆம்பளைகளின் அடிவயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றா? இருபத்துநாலு வீட்டிலும் "கிட்னி படம்" என்றே சொல்லிவைத்தார்கள். நாச்சிமுத்து பெண் பார்க்க வந்து, "என்ன வேலை கண்ணு?" என்று கேட்டபோதும், "கிட்னி படம் பாத்துக் குறிக்கறதுங்க" என்றாள். "அட, டாக்டர் மாதிரின்னு சொல்லு" என்று அவர் பெருமைப்பட்டார்.

சந்தேகப் பொத்தானை அமுக்கினால் ஒரு சடங்கு உண்டு. சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய திரையில் சென்னையிலிருந்து டாக்டர் வருவார். அமுக்கியவள் எழுந்து நின்று, எந்த இடம், என்ன தெரிகிறது, ஏன் சந்தேகம் என்று விளக்க வேண்டும். முதல் வாரம் வளர்மதி என்று ஒருத்தி அமுக்கிவிட்டாள். "கேக்கலைம்மா, சத்தமா சொல்லு" என்றார் டாக்டர். பாவம், அவர் பாடம் நடத்துகிறவர், அவருக்கென்ன? அவளோ அதுவரை வாயால் சொல்லியறியாத வார்த்தைகளை உரக்கச் சொன்னாள். பாதிச் சுவருக்கு அந்தப் பக்கம், வேறொரு மெஷினுக்காக வண்டி நம்பர் பிளேட் படங்களைக் குறிக்கிற பையன்கள் இருந்தார்கள். அங்கிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வளர்மதி மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அன்றைக்கு டீ நேரத்தில் யாரோ ஒருத்தி சொன்னாள்: "இனி எவளும் சந்தேகத்தை அமுக்காதீங்கடி. சந்தேகம் வந்தா வீக்கம்னு போட்ருங்க. அதுதான நெறைய வருது." யாரும் மறுப்பு சொல்லவில்லை. நடுவில் வீக்கமும் தீற்றலும் கலந்து கிடக்கிற படங்கள்தான் குழப்பும். அந்தப் படம் வந்தால் நெஞ்சு திக்கென்னும், கை தானாக வீக்கத்துக்குப் போகும். பதினோரு மாதம் இப்படி.

யுவராணி போனை மூடி எழுந்தாள். "சித்த இருங்க மாமா, டாக்டரைப் பாத்துட்டு வந்தர்றேன்."

"பச்சைதான வந்திருக்குது? எதுக்கு அவங்களைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

டாக்டர் பெனாசிருக்கு முப்பது வயது இருக்கும். திரையில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் படத்தை ஒரு தடவை நீங்க பாருங்க டாக்டர்."

"நிதானி பாத்தாச்சேம்மா."

"நீங்க பாருங்க."

டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வீக்கம்தான் தெரியுது" என்றார். பிறகு யுவராணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "உண்மையைச் சொல்லணும்னா, நாங்க படிக்கும்போதே நிதானி வந்தாச்சு. படம் பாக்க யாரும் எங்களைப் பழக்கல. கையெழுத்துப் போடத்தான் பழகியிருக்கோம்."

"அதுகிட்ட ஏன்னு கேளுங்க. ஓரத்துல ஒரு பொத்தான் இருக்கும். எந்தப் படத்தைப் பாத்து இதைக் கத்துக்கிச்சுன்னு காட்டும்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யுவராணி திரையின் ஓரத்தைக் கை நீட்டிக் காட்டினாள். டாக்டர் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினார். பழைய படங்கள் மூன்று வந்தன. மூன்றிலும் அதே உருண்டைகள், அதே அழித்த சிலேட்டுத் தீற்றல், மூன்றுக்கும் கீழே வீக்கம் என்ற குறிப்பு. அதற்கும் கீழே சின்ன எழுத்தில்: குறித்தவர் 9, ஐந்து விநாடி. குறித்தவர் 21, ஆறு விநாடி. குறித்தவர் 17, நாலு விநாடி.

"இது என்ன விநாடி?"

"படத்தைத் தெறந்ததுலருந்து பொத்தானை அமுக்கற வரைக்கும் ஆன நேரமுங்க."

"நாலே விநாடியில எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"கண்டுபிடிக்கலீங்க டாக்டர். பயந்துக்கிட்டு அமுக்குனது." திரையின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினாள். "பதினேழு நான்தானுங்க."

எல்லாவற்றையும் சொன்னாள். கொட்டகை, திரை, சிரிப்பு, வளர்மதி, டீ நேரத்து ஏற்பாடு. சொல்லச் சொல்லக் காது மடல் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"நீங்க போட்டது தப்பா சரியான்னு யாருமே பரிசோதிக்கலையா?"

"பரிசோதிச்சாங்க. எங்க குறிப்பை வெச்சேதான் மெஷினைப் பரிசோதிச்சாங்க. அதுவும் எங்களை மாதிரியே சொல்லுச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரின்னு கேக் வெட்டி, எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு குடுத்தாங்க."

"இத்தனை வருஷத்துல வெளிய தெரிஞ்சிருக்கணுமே?"

"எழுவது வயசுல ஒருத்தர் செத்துப்போனா, வயசாச்சு போயிட்டாருன்னுதான சொல்றோம்? பச்சைச் சீட்டு வாங்குனவருக்கு எதுனால போச்சுன்னு யாரு கேக்கறாங்க?"

டாக்டர் மேஜைமேல் இருந்த போனை எடுத்தார், எதையோ தேடினார், பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார். எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"இதைப் பாருங்க. உங்க மாமாவுக்கு நான் இப்பவே ஊசி டெஸ்டுக்கு எழுதறேன். என் பேர்ல, எனக்கே சந்தேகம்னு. தீற்றல் சின்னதாத்தான் இருக்கு, கேன்சரா இருந்தாலும் காப்பாத்திடலாம். ஆனா மத்ததை நீங்க எங்கேயும் சொல்ல வேண்டாம். சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நான் மட்டும் தினம் நாப்பது பேருக்குக் கையெழுத்துப் போடறேன். ஊரெல்லாம் எத்தனை பேர்! உங்களை விடுவாங்களா, இல்ல என்னை விடுவாங்களா? யாரோ ஒருத்தி பன்னிரண்டு வருஷம் முன்னாடி டீ குடிக்கறப்ப சொன்னதுக்கு…"

"யாரோ இல்லீங்க டாக்டர்." இதை அவள் இதுவரை தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. "அதைச் சொன்னதே நான்தான்."

டாக்டர் குனிந்து ஊசி டெஸ்டுக்கு எழுதினார். எழுதின சீட்டை நீட்டினார். யுவராணி வாங்கிக்கொண்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கதவைத் திறந்து வெளியே வரும்வரை, சீட்டோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்ததை நான் மறைக்கப் போவதில்லை. அவளுக்கு அவள் மாமனார் பெரிது, யாருக்குத்தான் இல்லை?

ஹாலில் பச்சைச் சீட்டுக்காரர்கள் மாத்திரைக்காகக் காத்திருந்தார்கள். இப்போது கலகலவென்று பேச்சு. ஊசியைப் பற்றிக் கேட்ட பெரியவரின் கையிலும் பச்சைதான். அவர் யாரிடமோ போனில், "ஒண்ணுமில்லையாமா, நீ கோயிலுக்கு முடிஞ்சு வெச்ச காசைச் செலுத்தீரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

யுவராணி மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்களுக்கு இன்னொரு டெஸ்ட் பண்ணோணுங்க. வெறும் வீக்கம் இல்லீங்க. உள்ளார வேற ஒண்ணு தெரியுது."

"மெஷினு இல்லைங்குது, நீ எப்படிக் கண்ணு சொல்ற?"

"நான் அப்ப கிட்னி படம் பாக்கலீங்க மாமா. ஆம்பளைங்களோட இந்தப் படம்தான் பாத்தேன். இந்த மெஷினுக்குப் பாடம் சொல்லிக்குடுத்ததே நாங்கதான். வெக்கப்பட்டுக்கிட்டுத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டோம். உங்ககிட்டப் பொய் சொல்லீட்டனுங்க."

நாச்சிமுத்து பச்சைச் சீட்டை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"நானும் பாரத்துல ஏழு பொய் சொன்னனல்ல" என்றார். பிறகு கண்ணாலேயே ஹாலைச் சுற்றிக் காட்டிக் கேட்டார். "இவங்களுக்கெல்லாம்?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வளர்மதிக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஐயா, எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. இங்க யாருக்கெல்லாம் வீக்கம்னு பச்சைச் சீட்டு வந்திருக்குதுங்க? கையைத் தூக்குங்க. அந்த மெஷின் சொல்றதை அப்படியே நம்ப முடியாதுங்க. உங்க படத்தை நான் பாக்கறேன்."

பேச்சு நின்றது. ஒரு கையும் எழவில்லை. எல்லாரும் பழையபடி கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பச்சைச் சீட்டுகள் சட்டைப்பைக்குள் போயின. "பொம்பளைப் புள்ளைக்கு என்ன பேச்சு பாரு இது" என்று ஒரு மூலையிலிருந்து வந்தது. தொடர்ந்து, அதே சிரிப்பு. பன்னிரண்டு வருஷம் கழித்தும் அது மாறவில்லை. யுவராணிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அவள் உட்காரவில்லை.

அப்போது நாச்சிமுத்து எழுந்தார். மடியில் இருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது, அவர் குனிந்து எடுக்கவில்லை. வெள்ளை வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதை எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். இந்த முறை தண்ணீர் டம்ளர் எதுவும் அவர் கையில் இல்லை. ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கை காட்டுகிறவர்போல வலது கையை உயரத் தூக்கினார்.

"எனக்கு வந்திருக்குது. எட்டு மாசமா அடக்க முடியறதில்ல. மருமகப் புள்ளைகிட்டச் சொல்ல வெக்கப்பட்டுட்டு ஊட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு இருந்தேன். யாருக்கு இங்க அப்படி இல்ல? கையைத் தூக்குங்கப்பா."

சிரித்த மூலை அடங்கிவிட்டது. முதலில் ஊசியைப் பற்றிக் கேட்ட பெரியவரின் கை, தோள் உயரத்துக்கு, தயங்கித் தயங்கி எழுந்தது. அடுத்து காப்பி மெஷின் பக்கத்தில் இருந்தவர். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்தாற்போல. ரிசப்ஷன் பெண் சீட்டு அடிப்பதை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

யுவராணி திரும்பியபோது, டாக்டர் அறையின் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் பெனாசிர் நின்றுகொண்டிருந்தார். அவரும் கையைத் தூக்கியிருந்தார்.

"எங்க அப்பாவுக்கு" என்றார். குரல் எழும்பவில்லை. "போன வருஷம். பச்சைச் சீட்டு. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

யுவராணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க டாக்டர். அப்பாவோட ஸ்கேன் படம் போன்ல இருக்குதுங்களா? குடுங்க."

வாங்கிப் பார்த்தாள். நாலு விநாடியில் மூடிவிடவில்லை, ரொம்ப நேரம் பார்த்தாள்.